பாடாங்கில் பார்க்க என்ன இருக்கிறது? ஊரிலிருந்து வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

சிங்கப்பூரில் குடியிருந்தால் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையாவது சொந்தக்காரர்களுக்கு ஊர் சுற்றிக் காட்ட வேண்டி வரும். மெர்லயன், செந்தோசா, முஸ்தஃபா எல்லாம் அவர்களே பட்டியல் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். அந்தப் பட்டியலில் இல்லாத ஓர் இடத்துக்கு நான் எப்போதும் கூட்டிப் போவேன். அதுதான் பாடாங். அங்கே நின்றுகொண்டு அவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளும் நான் சொன்ன பதில்களும் கீழே.

பாடாங் என்றால் என்ன?

மலாய் மொழியில் ‘பாடாங்’ என்றால் திடல். நகரின் நட்டநடுவில், சிட்டி ஹால் கட்டடத்துக்கு எதிரே விரிந்து கிடக்கும் புல்வெளி. பரப்பு சுமார் 4.3 ஹெக்டேர், நம் கணக்கில் பத்தரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். இவ்வளவு விலை உயர்ந்த நிலத்தில் இருநூறு ஆண்டுகளாக யாரும் கட்டடம் எழுப்பாமல் விட்டுவைத்திருக்கிறார்கள் என்பதே பெரிய செய்திதான். 2022 ஆகஸ்ட் 9 அன்று இதைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார்கள். பட்டியலில் 75ஆவது. அதற்கு முன் கோயில், பள்ளிவாசல், தேவாலயம், பள்ளிக்கூடம் என்று கட்டுமானங்களுக்குத்தான் அந்தப் பெயர் கிடைத்தது. ஒரு பசும்வெளிக்குக் கிடைத்தது அதுவே முதல் முறை.

வெறும் புல்தானே? இதில் பார்க்க என்ன இருக்கிறது?

மதுரையிலிருந்து வந்த என் பெரியப்பா கேட்டதும் இதையேதான். “ஏம்ப்பா, இந்தப் புல்லப் பாக்கவா இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்த?” என்றார். தப்பில்லை. ஊரில் தமுக்கம் மைதானத்தை யாரும் ‘சுற்றுலாத் தலம்’ என்று காட்டுவதில்லை.

இங்கே கண்ணுக்குத் தெரிவதைவிட நின்ற இடத்தில் நடந்தவைதான் அதிகம். அதனால் முதலில் திடலின் நடுப்பக்கமாக வந்து கட்டடங்களைப் பார்த்தபடி நிற்கச் சொல்வேன். இடதுபுறம் குவிமாடத்துடன் இருப்பது பழைய உச்ச நீதிமன்றம், 1939இல் திறந்தது. அதற்கு வலப்பக்கம் வரிசையாகப் பதினெட்டுத் தூண்களோடு நிற்பது சிட்டி ஹால், 1929இல் முடிந்தது. அப்போது அதன் பெயர் முனிசிபல் கட்டடம். 1951இல் சிங்கப்பூர் ‘நகரம்’ என்ற தகுதி பெற்ற பிறகுதான் சிட்டி ஹால் ஆனது. திடலின் இரு முனைகளிலும் இரண்டு மன்றங்கள்: இடது கோடியில் 1852இல் தொடங்கிய சிங்கப்பூர் கிரிக்கெட் கிளப், வலது கோடியில் யுரேசியர்கள் (ஐரோப்பிய, ஆசியக் கலப்பு வம்சத்தினர்) 1883இல் தொடங்கிய ரிக்ரியேஷன் கிளப். வெள்ளைக்காரர்களின் மன்றம் ஒரு முனையிலும், அதில் சேர்த்துக்கொள்ளப்படாதவர்களின் மன்றம் மறுமுனையிலும். காலனி ஆட்சி எப்படி இருந்தது என்று இதைவிடச் சுருக்கமாக யார் சொல்ல முடியும்?

இப்போது திரும்பி முதுகைக் கட்டடங்களுக்குக் காட்டுங்கள். சாலைக்கு அப்பால் ஒரு பூங்கா, அதற்கு அப்பால் மரினா பே. ஒரு காலத்தில் கடல் இந்தத் திடலின் ஓரம் வரை வந்து மோதிக்கொண்டிருந்தது. கண் முன் தெரியும் நிலமெல்லாம் பிறகு மண் கொட்டித் தூர்த்தது.

எப்படிப் போவது?

எம்ஆர்டி-யில் சிட்டி ஹால் நிலையம். கிழக்கு-மேற்கு, வடக்கு-தெற்கு இரண்டு தடங்களும் அங்கே வரும். செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயப் பக்கம் மேலே ஏறும் வாயிலைப் பிடியுங்கள். வட்டத் தடத்தில் வந்தால் எஸ்பிளனேட் நிலையமும் பக்கம்தான். டாக்சி தேவையில்லை.

எந்த நேரத்தில் போனால் நல்லது?

மாலை 5 மணிக்கு மேல். மதியம் ஒரு மணிக்குப் போய் வெயிலில் வதங்கிவிட்டு “சிங்கப்பூர் ரொம்ப சூடு” என்று புலம்புகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மாலையில் கட்டடங்களின் நிழல் திடலின் மேல் நீளும், கடல் பக்கமிருந்து காற்றும் வரும். இங்கே ஆண்டு முழுவதும் சூரியன் ஏறக்குறைய 7 மணிக்குத்தான் மறையும் என்பதால் அவசரப்பட வேண்டாம். சிட்டி ஹால் தூண்களைப் படம் எடுக்க வேண்டும் என்றால் மட்டும் காலையில் வாருங்கள். கட்டடத்தின் முகம் கிழக்குப் பக்கம் பார்த்திருப்பதால் காலை வெயில் நேராக அதன் மேல் விழும்.

குடை கட்டாயம். நவம்பரிலிருந்து ஜனவரி வரை மழைக்காலம், மற்ற மாதங்களிலும் பிற்பகல் மழை சொல்லாமல் வரும். திறந்த வெளி என்பதால் இடி இடித்தால் புல்லில் நிற்காமல் உடனே கட்டடத்துக்குள் போய்விடுங்கள்.

புல்லில் கால் வைக்கலாமா?

விளையாட்டோ நிகழ்ச்சியோ இல்லாதபோது நடக்கலாம். கிரிக்கெட், ரக்பி ஆட்டம் நடந்துகொண்டிருந்தால் ஓரத்து நடைபாதையில் நின்று பாருங்கள், காசு கிடையாது. வேலி போட்டிருந்தால் வெளியிலிருந்தே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

அந்த வேலி விஷயத்தில் நான் ஒரு முறை நன்றாக மாட்டிக்கொண்டேன். ஒரு செப்டம்பரில் சித்தி குடும்பத்தைக் கூட்டி வந்தால், திடலைச் சுற்றிலும் தடுப்பு, நடுவில் ராட்சச மேடை, சாலையெல்லாம் மூடல். ஃபார்முலா 1 கார்ப் பந்தயத்துக்கு ஆயத்தம். பந்தயத் தடம் திடலை ஒட்டியே போகும், கச்சேரிகளும் இங்கேயே நடக்கும். 2008இலிருந்து இந்தக் கூத்து. ஆகவே செப்டம்பர், அக்டோபரில் வருவதானால் பந்தயத் தேதியைப் பார்த்துக்கொண்டு வாருங்கள். தேசிய தின அணிவகுப்பு பாடாங்கில் நடக்கும் ஆண்டுகளில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையும் இதே கதைதான்.

நேதாஜி பேசிய இடம் இதுதானா?

இதுவேதான். 1943 ஜூலை 4 அன்று கேத்தே கட்டடத்தில் இந்திய சுதந்திரச் சங்கத்தின் தலைமையை ஏற்றுக்கொண்ட சுபாஷ் சந்திர போஸ், மறுநாள் ஜூலை 5 அன்று இந்தத் திடலில் இந்திய தேசிய ராணுவத்தின் (ஐஎன்ஏ) அணிவகுப்பைப் பார்வையிட்டார். ‘டெல்லி சலோ’ என்ற முழக்கத்தை அந்தப் படைக்குக் கொடுத்ததும் இங்கேதான். மறுநாள் ஜப்பானியப் பிரதமர் தோஜோவும் இதே இடத்தில் அணிவகுப்பைப் பார்த்தார்.

இந்த வரலாற்றில் நம் ஆட்களின் பங்கை ஊரில் பலர் அறிவதில்லை. மலாயா ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்த தமிழர்கள் ஏராளமானோர் அந்தப் படையில் சேர்ந்தார்கள். கேப்டன் லட்சுமியின் தலைமையில் உருவான ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துத் தமிழ்ப் பெண்களே பெரும்பாலோர். அவர்களின் பயிற்சி முகாம் 1943 அக்டோபரில் வாட்டர்லூ ஸ்திரீட்டில் தொடங்கியது. இங்கிருந்து நடந்தே போகலாம்.

ஒரு செய்தியை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. திடலிலிருந்து ஐந்து நிமிட நடையில், எம்ப்ரஸ் பிளேசில், டல்ஹௌசி தூபி என்று ஒரு கல்தூண் நிற்கிறது. 1850இல் இந்தியாவின் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி பிரபு சிங்கப்பூருக்கு வந்துபோனதன் நினைவாக எழுப்பியது. அப்போது சிங்கப்பூரின் நிர்வாகம் கல்கத்தாவின் கையில். பள்ளியில் ‘வாரிசு இழப்புக் கொள்கை’ என்று படித்தோமே, அதே டல்ஹௌசிதான். அந்தக் கொள்கையைச் சொல்லித்தான் 1854இல் ஜான்சியைப் பறித்தார். பிறகு 89 ஆண்டு கழித்து, அவருக்கு ஸ்தூபி வைத்த ஊரிலேயே, ஜான்சி ராணியின் பெயரில் தமிழ்ப் பெண்கள் துப்பாக்கி பிடித்தார்கள்.

நேதாஜி கட்டிய நினைவுச்சின்னம் எங்கே? தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லையே?

கிடைக்காது, இடித்துவிட்டார்கள். இறந்த ஐஎன்ஏ வீரர்களுக்காக 1945 ஜூலை 8 அன்று போஸ் அடிக்கல் நாட்டினார். ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது, செப்டம்பரில் ஆங்கிலேயர்கள் திரும்பி வந்தார்கள், வந்த கையோடு அதைத் தகர்த்தார்கள். போர் முடிந்த ஐம்பதாம் ஆண்டில், 1995இல், அந்த இடத்தில் ஒரு நினைவுக்குறி வைத்தார்கள். திடலுக்கு எதிரே, கனாட் டிரைவ் சாலையைக் கடந்தால் வரும் எஸ்பிளனேட் பூங்காவுக்குள் இருக்கிறது. சிறியது, சைக்கிள் ஓட்டுபவர்களும் ஓடுபவர்களும் பார்க்காமலே கடந்துபோவார்கள். பெரிய மண்டபத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

தமிழில் எழுதியிருக்கிறது என்கிறார்களே, எங்கே?

என் பெரியப்பாவின் முகம் மாறியது இந்தக் கேள்விக்குப் பிறகுதான். ‘புல்’ என்று சலித்துக்கொண்டவர், அடுத்த ஒரு மணி நேரம் எழுத்தைத் தேடி முன்னால் முன்னால் நடந்தார்.

முதலில் மேலே சொன்ன டல்ஹௌசி தூபி. ஆங்கிலம், ஜாவி (அரபு எழுத்தில் எழுதும் மலாய்), சீனம், தமிழ் என நான்கு மொழிகளில் எழுதியிருக்கிறது. சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி ஆனது சுதந்திரத்தோடு நடந்த சமாசாரம் என்று நினைக்கிறோம். அதற்கு நூறாண்டுக்கு மேல் முன்னாலேயே அரசாங்கக் கல்லில் தமிழ் ஏறிவிட்டது. படிக்க ஆள் இருந்ததால்தானே எழுதினார்கள்?

அடுத்தது எஸ்பிளனேட் பூங்காவில் லிம் போ செங் நினைவிடம். ஜப்பானியரை எதிர்த்து ரகசியப் படையில் வேலை செய்து, பத்து காஜா சிறையில் 1944 ஜூன் 29 அன்று இறந்தவர். சரியாகப் பத்தாண்டு கழித்து அதே தேதியில் திறந்தார்கள். அவர் கதையைச் சொல்லும் வெண்கலப் பலகைகளில் ஒன்று தமிழில். அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் செனோடாஃப் என்னும் போர் நினைவுத் தூண். முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்காக 1922இல் திறந்தது. அதன் மறுபக்கம் இரண்டாம் உலகப் போருக்கு உரியது. நாம் வாழ அவர்கள் மாண்டார்கள் என்ற பொருளில் ஒரே வாசகம் நான்கு மொழிகளில். பலர் முன்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள், சுற்றி வந்து பாருங்கள்.

ஸ்டாம்ஃபர்ட் ரோட்டைத் தாண்டினால் நான்கு வெள்ளைத் தூண்கள் வானத்தை நோக்கி நிற்கும். ஜப்பானிய ஆட்சியில் கொல்லப்பட்ட பொதுமக்களுக்கான நினைவிடம், 1967 பிப்ரவரி 15 அன்று திறந்தது. உள்ளூர்க்காரர்கள் விளையாட்டாக ‘சாப்ஸ்டிக்ஸ்’ என்பார்கள். அங்கேயும் தமிழ் உண்டு.

பழைய நாடாளுமன்றக் கட்டடத்தின் முன் நிற்கும் வெண்கல யானையிடம் மட்டும் தேட வேண்டாம். 1871இல் வந்துபோன சயாம் மன்னர் சுலலங்கோர்ன் கொடுத்தது. அதன் பீடத்தில் நான்கு மொழி இருக்கிறது, தமிழ் இல்லை. யானையைப் பற்றி எழுத நம்மைவிட்டால் யாருக்குத் தெரியும் என்று பெரியப்பாவுக்கு ஒரே வருத்தம்.

பக்கத்தில் இருக்கும் வெள்ளைத் தேவாலயத்தைத் தமிழ்க் கைதிகள் கட்டினார்களாமே?

இந்தியக் கைதிகள் கட்டினார்கள் என்பது உண்மை. தமிழர்கள் மட்டும் என்று சொல்வது சரியல்ல. வங்காளம், சென்னை, பம்பாய் மாகாணங்களிலிருந்து தண்டனை பெற்றவர்களைக் கப்பலேற்றி இங்கே கொண்டுவந்தார்கள். 1825இல் தொடங்கி 1873 வரை அந்த ஏற்பாடு இருந்தது. சாலை போட்டது, காட்டை வெட்டியது, இப்போது அதிபர் மாளிகையாக இருக்கும் இஸ்தானாவைக் கட்டியது எல்லாம் அவர்களே. செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் வேலை 1856இல் தொடங்கி 1861இல் வழிபாட்டுக்குத் திறக்கும் அளவுக்கு முடிந்தது.

அதன் சுவர்ப் பூச்சைப் பற்றி மட்டும் இரண்டு நிமிடம் பேச வேண்டும். ஆங்கில ஆவணங்களிலேயே அதன் பெயர் ‘மெட்ராஸ் சுண்ணம்’. கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் நாட்டுச் சர்க்கரையும் சேர்த்துக் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரை விட்டுக் கலந்து பூசுவார்கள். காய்ந்த பிறகு கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் சுவரைத் தடவிப் பார்த்து ‘கண்ணாடி மாதிரி இருக்கே’ என்று சொல்லியிருக்கிறீர்களா? அதே குடும்பத்துப் பூச்சுதான். காலில் விலங்கோடு வந்தவர்களின் கைவேலை அது.

வழிபாடு நடக்காத நேரத்தில் உள்ளே போகலாம். நுழைவுக் கட்டணம் கிடையாது.

இரண்டாம் உலகப் போரில் இங்கே என்ன நடந்தது?

1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. இரண்டு நாள் கழித்து ஐரோப்பியர்களை எல்லாம் இந்தத் திடலுக்கு வரச்சொல்லி, வெயிலில் நிறுத்தி, சிறைவாசத்துக்கு நடத்திக்கொண்டு போனார்கள். ஊரை ஆண்டவர்கள் அதே ஊர்ச் சாலையில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்ததை எல்லாரும் பார்த்தார்கள். அதே நாள் லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில் ஃபேரர் பார்க்கில் இந்தியச் சிப்பாய்களைத் தனியாகக் கூட்டிப் பேசினார்கள். ஐஎன்ஏ முளைத்தது அங்கிருந்துதான்.

1945 செப்டம்பர் 12 அன்று சிட்டி ஹாலுக்குள் மவுன்ட்பேட்டன் முன்னிலையில் ஜப்பானியத் தளபதி இத்தாகாக்கி சரணடைவுப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். இரண்டாண்டு கழித்து டெல்லியில் ஆட்சியை நேருவிடம் ஒப்படைத்தவரும் இதே மவுன்ட்பேட்டன்தான்.

சிங்கப்பூர் சுதந்திரத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

1959 ஜூன் 5 அன்று லீ குவான் இயூவும் அவர் அமைச்சர்களும் சிட்டி ஹாலில் பதவியேற்றார்கள். அவர்களில் ஒருவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த எஸ். ராஜரத்னம், இங்கே பள்ளிப் பிள்ளைகள் சொல்லும் தேசியப் பற்றுறுதியை 1966இல் எழுதியவர். அதே 1959இல் டிசம்பர் 3 அன்று யூசோஃப் இஷாக் நாட்டின் தலைவராகப் பதவியேற்றபோது கொடியும் ‘மாஜுலா சிங்கப்பூரா’ கீதமும் இங்கே மக்கள் முன் அறிமுகமாயின. சிங்கப்பூர் வெள்ளி நோட்டு கையில் இருந்தால் எடுத்துப் பாருங்கள், அதில் இருக்கும் முகம் யூசோஃப் இஷாக்குடையது. முதல் தேசிய தின அணிவகுப்பு 1966 ஆகஸ்ட் 9 காலையில் இந்தப் புல்லில்தான் நடந்தது. 1968இல் கொட்டும் மழையிலும் கலையாமல் நடந்த அணிவகுப்பைப் பற்றிப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

அந்த அணிவகுப்பைச் சுற்றுலாப் பயணிகள் பார்க்க முடியுமா?

உள்ளே இருந்து முடியாது. நுழைவுச்சீட்டு குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் குலுக்கலில் மட்டும் கிடைக்கும். எங்களுக்கே பல ஆண்டு கிடைக்காது. வாணவேடிக்கையை மரினா பே ஓரத்தில் நின்று பார்க்கலாம், சீக்கிரமே போய் இடம் பிடிக்க வேண்டும்.

நேஷனல் கேலரிக்குள் போக வேண்டுமா?

பழைய உச்ச நீதிமன்றத்தையும் சிட்டி ஹாலையும் இணைத்து 2015 நவம்பரில் திறந்த கலைக்கூடம் அது. ஓவியத்தில் ஆர்வம் இருந்தால் அரை நாள் ஒதுக்குங்கள். வெளிநாட்டவர்களுக்குச் சீட்டு உண்டு. ஆர்வம் இல்லாவிட்டாலும் கூடத்துக்குள் நுழைந்து மேல்தளத்துக்கு ஏறிப் பாருங்கள். திடல் முழுவதும், அதற்கு அப்பால் மரினா பே சேண்ட்ஸும் ஒரே பார்வையில் தெரியும். நீதிமன்றப் பகுதியில் கைதிகளை வைத்திருந்த சிறு அறைகளையும் அப்படியே வைத்திருக்கிறார்கள். கட்டடத்தின் அடிக்கல்லுக்குக் கீழே 1937ஆம் ஆண்டு நாளிதழ்களும் நாணயங்களும் புதைந்திருக்கின்றன. 3000ஆவது ஆண்டில்தான் திறக்க வேண்டுமாம். கழிப்பறை, குளிர்சாதனம், தண்ணீர் எல்லாவற்றுக்கும் இதுதான் இடம், முதியவர்களோடு வந்தால் இதை மனத்தில் வையுங்கள்.

ராஃபிள்ஸ் சிலை முதலில் இங்கே இருந்ததாமே?

ஆமாம். நவீன சிங்கப்பூரைத் தொடங்கிவைத்த ஆங்கிலேயர் ராஃபிள்ஸின் சிலையை 1887இல் இந்தத் திடலில்தான் வைத்தார்கள். கால்பந்து ஆடும்போது பந்து போய்ச் சிலையில் அடிக்கும். 1919இல் விக்டோரியா மண்டபத்தின் முன்னால் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள்.

செய்யக்கூடாதது ஏதாவது உண்டா?

குப்பை போட்டால் அபராதம், பூங்காவில் புகைபிடித்தால் அபராதம், இரவு 10.30க்கு மேல் பொது இடத்தில் மது அருந்தக் கூடாது. ஊர்ப் பழக்கத்தில் நான்கு பேர் பதாகை பிடித்து நிற்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள், அனுமதி இல்லாமல் முடியாது. டிரோன் பறக்கவிடும் எண்ணத்தையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

எவ்வளவு நேரம் வேண்டும், எந்த வரிசையில் நடப்பது?

இரண்டு மணி நேரம் போதும். ரயிலிலிருந்து ஏறியதும் தேவாலயம், அங்கிருந்து சிட்டி ஹால் படிகள், திடலை ஒட்டியே கிரிக்கெட் கிளப் வரை நடந்து யானை, ராஃபிள்ஸ், டல்ஹௌசி தூபி. பிறகு பூங்காவுக்குள் நுழைந்தால் லிம் போ செங், ஐஎன்ஏ நினைவுக்குறி, செனோடாஃப், கடைசியில் சீன வணிகர் டான் கிம் செங்கின் பெயரிலான நீரூற்று. கனாட் டிரைவ் நெடுக தூங்குமூஞ்சி மரங்கள் குடை பிடிப்பதால் பிற்பாதி நடை சுகமாக இருக்கும். பிள்ளைகள் சோர்ந்தால் பூங்கா பெஞ்சில் உட்காரவைத்துத் தமிழ் எழுத்தைக் கண்டுபிடிப்பவருக்கு ஐஸ்கிரீம் என்று சொல்லிப் பாருங்கள். என் தங்கை மகனிடம் பலித்தது.

அப்புறம் சாப்பாடு?

திடலைச் சுற்றி இருப்பவை விலை அதிகமான கடைகள். முன்பு இந்தப் பூங்கா ஓரத்தில் சாத்தே (குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சி) கடைகள் வரிசையாக இருந்தன. 1995இல் எடுத்துவிட்டார்கள், எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அந்த மணத்தைப் பற்றி இன்னும் பேசுவார்கள். இப்போது சாத்தே வேண்டுமானால் மாலையில் லாவ் பா சாட் உணவங்காடிப் பக்கம் போங்கள். சோறோ தோசையோ வேண்டும் என்றால் சிட்டி ஹாலில் ரயில் ஏறி ஒரே நிலையம் தள்ளித் தோபி காட்டில் இறங்கி, தடம் மாறி இன்னொரு நிலையம் போனால் லிட்டில் இந்தியா. தோபி காட் என்ற பெயரே இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் துணி துவைத்த ஓடையால் வந்தது. தேக்கா அங்காடியில் மாலை கூட்டம் இருக்கும், முதலில் மேசையைப் பிடித்துவிட்டு ஒருவரை மட்டும் வரிசைக்கு அனுப்புங்கள்.